பெர்ஃப்யூஷன் ஸ்கேனா? பில்லைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்

“டிஃப்யூஷன் எடுத்திருக்கிறோமே மேடம், பெர்ஃப்யூஷனும் அதுவும் ஒன்றுதான்.” புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டரில் எனக்குக் கிடைத்த பதில் இது. இரண்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எடுக்கும் படங்களின் பெயர்கள். ஒன்றுதான் என்றால் டாக்டர் ஏன் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். “ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்” என்றார் அந்தப் பெண். காட்டினோம். “நான் கேட்டது எங்கே?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

என் மாமியாருக்கு மூளையில் கட்டி. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. கடலூரில் எடுத்த வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் பழைய இடத்தின் ஓரமாகப் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. கட்டி திரும்ப வந்தாலும் அப்படித் தெரியும். கதிர்வீச்சால் திசு செத்துப்போனாலும் அப்படியேதான் தெரியும். சாதாரண கான்ட்ராஸ்ட் படத்தை (ஊசி மருந்து ஏற்றி எடுப்பது) வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒன்றுக்கு மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டியிருக்கும், மற்றதற்கு மாத்திரையோடு காத்திருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் டிஃப்யூஷன், பெர்ஃப்யூஷன் இரண்டையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கவுண்டரில் சீட்டை வாங்கியவர் கணினியில் தட்டியதோ ‘எம்.ஆர்.ஐ. பிரெயின் வித் கான்ட்ராஸ்ட்’. அந்தப் பட்டியலில் டிஃப்யூஷன் தானாகவே வந்துவிடும், பெர்ஃப்யூஷன் வராது. கடலூரில் எடுத்த அதே படத்தை இன்னொரு முறை காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம். மாலை நேரத்து அரியாங்குப்பம் நெரிசலில், தலைவலியோடு ஒரு முதியவரை உட்கார வைத்துக்கொண்டு.

இரண்டும் ஒன்றில்லை என்பதை இப்போது என்னால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று அளப்பது டிஃப்யூஷன். செல்கள் நெருக்கியடித்து வளரும் இடத்தில் நீருக்கு அசைய இடமிருக்காது. இதற்கு ஊசி மருந்து தேவையில்லை, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். (மூளையை இப்படிப் படமெடுக்கலாம் என்று 1986இல் காட்டியவர் டெனிஸ் லு பியான் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரி கவுண்டரில் இருப்பவர்களுக்காவது தெரிந்திருக்கலாம்!) பெர்ஃப்யூஷன் அளப்பது ரத்தத்தை. காடோலினியம் கலந்த மருந்தை ஏற்றி, அது மூளைக்குள் முதல் முறை பாய்ந்து போகும் அந்தச் சில வினாடிகளில் மூளை முழுவதையும் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். மருந்து போகும் இடத்தில் படம் சட்டென்று மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து அங்கே எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வளரும் கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். செத்த திசுவில் அது நடக்காது. பக்கவாதத்தில் ஏற்கெனவே பழுதான பகுதியை டிஃப்யூஷனும், ரத்தம் குறைந்து தவிக்கும் பகுதியைப் பெர்ஃப்யூஷனும் காட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்தே இன்னும் எதைக் காப்பாற்றலாம் என்று பார்க்கிறார்கள். இவ்வளவு இருக்க, ஒன்றாம்!

மேலாளர் வரை போய்ச் சண்டை போட்ட பிறகுதான் உண்மை வந்தது. மருந்தை வேகமாக ஏற்றும் இன்ஜெக்டர் அவர்களிடம் பழுதாகிக் கிடந்தது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்போம்.

உடனே வேறு இடத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தால், அங்கிருந்த ரேடியாலஜிஸ்ட் ஒப்பவில்லை. ஏற்றிய காடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும், அவசரம் இல்லாதபோது அடுத்தடுத்து ஏற்ற வேண்டாம், ஒரு வாரம் போகட்டும் என்றார். வயதானவர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் புதிதாகப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். சிறுநீரகம் மோசமாக இருந்தால் ஊசியே இல்லாமல், ரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிட்டு எடுக்கும் ஏ.எஸ்.எல். முறையும் இருக்கிறதாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இந்த முறை வண்டி ஏறுவதற்கு முன்பே போனில் குடைந்துவிட்டேன். பெர்ஃப்யூஷன் எடுப்பீர்களா, இன்ஜெக்டர் இன்றைக்கு வேலை செய்கிறதா, கணக்கிட்ட வண்ணப் படம் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குக் கவுண்டரில் இருந்தவர் போனை டெக்னீஷியனிடம் கொடுத்தார். நீங்களும் டெக்னீஷியனிடமே பேசுங்கள், நேரம் மிச்சம்.

அப்படியும் அங்கே போனதும் ஒன்று இடறியது. “தலையில் உலோகம் ஏதாவது வைத்திருக்கிறார்களா?” அறுவையின்போது மண்டையோட்டை மூடிப் பொருத்திய டைட்டானியத் தகடும் திருகுகளும் இருக்கின்றன. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் வாயால் சொன்னால் போதாது, தாளில் வேண்டும் என்றார் டெக்னீஷியன். அவர் கேட்டது நியாயம். எனக்கு அவர் மீது கோபம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் தகடு என்ற பேச்சே இல்லை, அதை எழுதியவர் மீதுதான் கோபம். ஆபரேஷன் குறிப்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டு பீரோவுக்குள். கணவர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்வரை எங்கள் வரிசை எண்ணைத் தாண்டி எத்தனையோ பேர் உள்ளே போய்வந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் பேசரியோடு மல்லுக்கட்டு. மெட்டி, வளையல், புடவையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாம் வந்துவிட்டன. கல்யாணத்துக்கு முன்பு போட்ட எட்டுக்கல் பேசரி மட்டும் திருகிலேயே இறுகிப்போய் அசையவில்லை. “விடும்மா, மூக்கோடு போகட்டும்” என்று அத்தை சலித்துக்கொண்டார். அங்கிருந்த ஆயாதான் சோப்புத் தண்ணீரை விரலால் தடவி, ஒரு பஞ்சை மூக்குக்குள் கொடுத்துத் திருகைப் பிடித்துக்கொண்டு, வெளியே பூவை மட்டும் மெல்ல மெல்லத் திருப்பினார். கழன்றது. அதை என் கைக்குட்டையின் மூலையில் முடிந்துகொண்டேன். பேசரி, மூக்குத்தி இருப்பவர்கள் முதல் நாளே ஆசாரியிடம் கழற்றிக்கொண்டு போங்கள்.

அடுத்தது வென்ஃப்லான், மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகும் சிறு குழாய். முந்தைய சென்டரில் புறங்கையில் மெல்லிய மஞ்சள் நிறத்தைப் போட்டிருந்தார்கள். பெர்ஃப்யூஷனுக்கு அது உதவாது. வினாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில், மடை திறந்த மாதிரி, மருந்து ஒரே அலையாகப் போக வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் பச்சை அல்லது ரோஜா நிற வென்ஃப்லான் வேண்டும், அதாவது தடிமனில் 18 அல்லது 20 கேஜ். சிகிச்சையில் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டவர்களுக்கு இது பெரும்பாடு. கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு சிஸ்டர் ரோஜா நிறத்தை ஏற்றிவிட்டார். நிறத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதிச் சுமை இறங்கியது.

ஸ்கேன் ஒன்றும் பிரச்சினையில்லாமல் முடிந்தது. காதடைப்பானையும் மீறி டிஃப்யூஷன் சத்தம் பலமாகக் கேட்கும், படுக்கையே அதிரும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளி பயந்து தலையை அசைக்க மாட்டார்.

சி.டி. வாங்கும்போது மட்டும் மறுபடியும் வாய் திறக்க வேண்டியிருந்தது. ஃபிலிமும் சாதாரணப் படங்களும் கொடுத்தார்கள். பெர்ஃப்யூஷனின் மூலத் தரவு முழுவதும் டைகாம் வடிவில் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவம்) வேண்டும் என்று நின்றேன். “அதை யாரும் கேட்பதில்லையே” என்று முணுமுணுத்தபடி இன்னொரு சி.டி. எரித்துக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டாவது சி.டி.யைத்தான் டாக்டர் போட்டுப் பார்த்தார். வண்ணப் படத்தில் அந்தத் திட்டின் மேல் ஒரு வட்டம், மூளையின் எதிர்ப் பக்கத்தில் நல்ல இடத்தில் இன்னொரு வட்டம். இரண்டிலும் ரத்த அளவை ஒப்பிட்டார். தகடு இருக்கும் இடத்தருகே படம் கொஞ்சம் நெளிந்திருந்தது, அதை விட்டுவிட்டார். திட்டு இருந்த இடம் நீலமாகவே கிடந்தது, எதிர்ப் பக்கத்தைவிட ரத்தம் குறைவு. டிஃப்யூஷனிலும் நீர் தாராளமாகவே அசைந்துகொண்டிருந்தது. “இதைக் கட்டி என்று சொல்ல மாட்டேன். கதிர்வீச்சின் வேலையாகத்தான் தெரிகிறது. நூற்றுக்கு நூறு இல்லை, மூன்று மாதம் கழித்து இதையே திரும்ப எடுத்து ஒப்பிடுவோம்” என்றார். இப்போதைக்கு அறுவை இல்லை.

அடுத்த முறையும் அதே மிஷினில்தான் எடுக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். பெர்ஃப்யூஷன் என்ற சொல்லுக்குக் கீழே டாக்டர் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.