பதில் வரவில்லை என்றால் வழக்கு முடிந்துவிட்டதா?

வேகமாக ஓட்டியதாக வந்த நோட்டீஸுக்குத் தம்பி பதில் அனுப்பி ரொம்ப நாளாகிறது. அங்கிருந்து சத்தமே இல்லை. "விட்டுட்டாங்க போலக்கா" என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. பதில் வராததால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது; நோட்டீஸில் போட்டிருக்கும் கெடு நமக்குத்தான்.

நல்லவேளை, பதிவுத் தபால் ரசீதையும் கடித நகலையும் வைத்திருக்கிறான். ரசீதில் தேதி தெளிவாகத் தெரிகிறது, அதுதான் முக்கியம். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் உடனே போட்டோ எடுக்கச் சொன்னேன். அப்புறம் நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிட்டு, என்ன நிலவரம் என்று எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். போனில் கேட்டால் கையில் ஆதாரம் நிற்காது.

வண்டிப் பதிவில் பழைய முகவரி இருந்தால் அடுத்த கடிதம் அங்கேதான் போகும். வீடு மாறியவர்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.