பரணுக்குக் கீழே

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம் செம்மறி வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "கம்பளி எடுக்கிறீங்களா?" என்றுதான். என் ஆடுகளுக்குக் கம்பளியே கிடையாது. யாழ்ப்பாணத்து நாட்டுச் செம்மறிகள், உடம்பில் குட்டை முடிதான். பட்டியிலேயே பெரிய பெட்டை 24 கிலோ. வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய சாதி அது. அதை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மழையும் மூடுபனியும் விடாத இந்த மலையில் உயிரோடு வைத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

2020இல் கொரோனாவுக்குக் கொழும்புக் கடை மூடியதும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்குத் திரும்பினேன். கையிலிருந்த காசில் ஆறு பெட்டையும் ஒரு கிடாயும் வாங்கினேன். மாமா குத்தகைக்கு எடுத்திருந்த உருளைக்கிழங்குக் காணியில் ஒரு மூலையை எனக்கு விட்டுக்கொடுத்தார். தோட்டத்தில் ஏற்கெனவே நிறைய வீட்டில் வெள்ளாடு இருக்கிறது. வெள்ளாடு வேலி தாண்டும், மரக்கறிப் பாத்தியில் ஏறும், அதனாலேயே லயத்துக்கு லயம் சண்டை வரும். செம்மறி தலையைக் குனிந்து புல்லைத்தான் தேடும், ஒன்று போன வழியிலேயே மற்றதும் போகும். எனக்கு அந்தக் குணம் பிடித்தது.

வடக்கில் காலையில் அவிழ்த்துவிட்டால் தரவையில் மேய்ந்துவிட்டு மாலையில் பட்டிக்குத் திரும்பிவிடும். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். மூன்றாவது மாதம் ஒரு பெட்டைக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியது. மிருக வைத்தியர் வந்து கீழ் இமையை மெல்ல இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளிறிக் கிடந்தது. ஹீமோன்கஸ் என்ற வயிற்றுப் புழு. ஒரு புழு ஒரு நாளில் 0.05 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்குமாம். ஆட்டின் வயிற்றில் 5,000 புழு இருந்தால் தினமும் கால் லீற்றர் இரத்தம் போகிறது. புழுக்குஞ்சு பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறி நிற்கும். காலையில் ஈரப் புல்லை மேய விட்டது நான்தான்.

அதற்குப் பிறகு பரண் கட்டினேன். சவுக்கு மரச் சட்டம், தரையிலிருந்து நாலடி உயரம். சட்டங்களுக்கு நடுவே புழுக்கை மட்டும் விழுகிற அளவு இடைவெளி, குட்டியின் கால் சிக்கக் கூடாது. புல்லை வெட்டி வந்து கொடுக்கிறேன். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகுதான் வெளியே விடுவது. இரண்டு வாரத்துக்கொரு தடவை எல்லா ஆட்டின் இமையையும் பார்ப்பேன். தென்னாபிரிக்காவில் இதற்கு ஐந்து நிறம் கொண்ட அட்டையே செய்திருக்கிறார்கள், ஃபமாச்சா என்று பெயர். வெளிறியதற்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுதான் மிஞ்சும் என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2022 டிசம்பரில் மூன்று பெட்டை செத்தன.

முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் நன்றாகத்தான் தின்றது. காலையில் போனால் ஒன்று மூலையில் படுத்திருக்கிறது, கண்ணெல்லாம் மஞ்சள். மூத்திரம் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போனது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் சினையாக இருந்த பெட்டை. அம்மா பரண் படியிலேயே உட்கார்ந்து அழுதார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள், யாரோ விஷம் வைத்தார்கள் என்றார்கள். வைத்தியர் அறுத்துப் பார்த்தார். கொழுப்பெல்லாம் மஞ்சள், சிறுநீரகம் இரண்டும் கருநீலம். "தம்பி, இது செப்பு. புல் எங்கே வெட்டுறீங்க?" என்று கேட்டார்.

தேயிலை மலையில்தான் வெட்டினேன். எல்லோரும் மாட்டுக்கு அங்கேதான் வெட்டுகிறார்கள். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் கொழுந்தில் கொப்புள நோய் வரும். 1946இல் இலங்கைக்கு வந்த பூஞ்சணம் அது. அதற்கு அடிக்கிற மருந்தில் செப்பு இருக்கிறது. தெளிக்கும்போது தேயிலையோடு சேர்த்து நடுவில் நிற்கிற புல்லிலும் படுகிறது. இது போதாதென்று கடையில் மாட்டுக்கு விற்கிற தாதுத்தூளை மாதக்கணக்காகத் தவிட்டில் கலந்து கொடுத்திருக்கிறேன். ஆடு நன்றாக வரட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அதிலும் செப்பு இருக்கிறது.

மாடு இதைத் தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரலோ வருகிற செப்பை வெளியே தள்ளத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் குளிரோ, பசியோ, சினை பாரமோ வந்தால் சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் கலக்கும், சிவப்பணு உடையும். மஞ்சள் கண்ணும் கறுத்த மூத்திரமும் அதனால்தான். மிஞ்சியவற்றுக்கு வைத்தியர் மொலிப்டினம் சேர்ந்த மருந்து கொடுத்தார், அது செப்பைக் கட்டிப்போடுமாம். வேறெதுவும் சாகவில்லை.

இந்த மலையில் செம்மறி வாங்க நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. குளம்பு அழுகினால் மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலை நனைக்கச் சொல்வார்கள். அதுவும் செப்புதான், ஆடு அதைக் குடித்துவிட்டால் ஆபத்து. நான் துத்தநாக சல்பேட் கரைத்து வைக்கிறேன், நூறுக்குப் பத்துப் பங்கு. புல்லுக்கு மாமாவின் காணி ஓரத்தில் சீயோ-3 என்ற தீவனப் புல்லை நட்டிருக்கிறேன். மருந்தடித்த மலைப் பக்கம் அரிவாளோடு போவதில்லை.

இனி வருமானம். இறைச்சி தீபாவளிக்குத்தான் விலை போகும். லயத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை எடுத்துக் கூறு போடுவார்கள். வெள்ளாட்டுக் கறிதான் ருசி என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்மறிக் கொழுப்பின் வாசம் சிலருக்கு ஆகாது. வருடத்தில் அந்த ஒரு தடவையை நம்பி யாரும் ஆடு வளர்க்க முடியாது. மாதாமாதம் கைக்கு வருவது பரணுக்குக் கீழே கிடக்கிறது. இருபத்திரண்டு ஆட்டுக்கு மாதம் ஆறேழு மூட்டை காய்ந்த புழுக்கை. மாட்டுச் சாணத்தைவிட ஈரம் குறைவு, சத்து கூட, முதுகில் தூக்கிப்போகலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, அப்போது வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்குக்காரர்கள் லொறியோடு வந்து, இருக்கிறதெல்லாம் தா என்று நின்றார்கள். என்னிடம் அப்போது இருந்தது ஒன்பது மூட்டை. இப்போது பாதியை விற்கிறேன், பாதி என் லீக்ஸ் பாத்திக்கு.

கம்பளி ஆடு உண்மையில் எங்கே இருக்கிறது என்று 2023இல் கண்ணால் பார்த்தேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் போனது எங்கள் பெரியம்மா குடும்பமும். அவர்கள் கோத்தகிரியில் இருக்கிறார்கள். அங்கேயும் தேயிலைதான், அதே குளிர், அதே கொழுந்துப் பை. அண்ணன் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார், செம்மறி ஆராய்ச்சி நிலையம். நீலகிரி ஆடு என்று ஒரு சாதி. கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. வெள்ளை வெளேரென்று மென்மையான கம்பளி. விரலை விட்டுப் பார்த்தால் அடியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. லானோலின் என்று களிம்புகளில் போடுவது அதைத்தான்.

நம் பக்கமும் ஒரு காலத்தில் முயன்றிருக்கிறார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து சவுத்டவுன், லெஸ்டர், கொட்ஸ்வோல்ட் என்று மூன்று கிடாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார். இன்று நுவரெலியாவில் அந்தச் சாதி எதையும் நான் பார்த்ததில்லை. பெரியம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசினோம். திரும்பும்போது அவர் ஒரு பிடி கம்பளியைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இன்று காலை இமை பார்க்கிற நாள். இருபத்தொன்று சிவப்பு. காதில் வெட்டு உள்ள சின்னப் பெட்டைக்கு மட்டும் வெளிறியிருந்தது. நிறை பார்த்து மருந்து ஊற்றிவிட்டேன், புதன்கிழமை திரும்பப் பார்க்க வேண்டும்.