மே 4, புடு சிறை

எங்கள் வீட்டுக் குதிரை காலண்டரில் (குதிரைப் பந்தய நாள்களும் குறித்திருக்கும் மலேசியச் சுவர்க் காலண்டர்) மே 1 சிவப்பு. தொழிலாளர் தினம், விடுமுறை. அடுத்த மூன்று நாள் தள்ளி வரும் மே 4 வெறும் கறுப்பு எண்தான். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியிலேயே அந்தக் கட்டத்தில் ‘கணபதி’ என்று எழுதிவிடுவேன்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சைப் பக்கம் பிறந்தவர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. சம்மேளனத்தின் பதிவும் பறிபோனது. மறுவருடம் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லிப் பிடித்தார்கள். அவசரகாலச் சட்டத்தில் அதற்கே தூக்குதான். கருணை காட்டச் சொல்லி இந்திய அரசு கேட்டும் பயனில்லை. 1949 மே 4, கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தமிழர், சிங்கப்பூர் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன், சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த இரண்டே நாளில் இரண்டு தலைவர்கள்! தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

சிறை 1996இல் மூடப்பட்டு, 2010இல் சுவர் இடிபட்டது. இப்போது அங்கே பேரங்காடி. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். மே 4 மாலை வேலை முடிந்ததும் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். ஹாங் துவா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.