ஒரே கோயில் மணியைக் கேட்டவர்கள்

கஸ்தெல்லாமாரே தெல் கோல்ஃபோவில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. கீழே வளைகுடா. நீர் விளிம்பில் ஒரு பழைய கோட்டை, பக்கத்தில் மீன்பிடிப் படகுகள், ஊருக்குப் பின்னால் மரமில்லாத மலை. சுமார் 15,000 பேர் வாழும் ஊர். இந்தச் சின்ன ஊரின் பெயரில் நியூயார்க்கில் ஒரு போர் நடந்திருக்கிறது. 1930, 31இல் இத்தாலியக் கும்பல்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் செத்த அந்தச் சண்டைக்கு இன்றும் ‘கஸ்தெல்லாமாரே போர்’ என்றுதான் பெயர்.

இங்கே நான் வரக் காரணம் அதற்கு முந்தைய ஆண்டு போன நியூயார்க் பயணம். மன்ஹாட்டனின் ‘லிட்டில் இத்தாலி’யில் ஒரு மாலை முழுக்க நடந்தேன். அங்கே ஒரு முதியவர் தெருக்களைக் கையால் காட்டிச் சொன்னார்: “மல்பெரி தெருவில் நேப்பிள்ஸ்காரர்கள். எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள். எங்கள் தாத்தா காலத்தில் ஒரு தெருப் பெண்ணை அடுத்த தெருப் பையனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.” இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான் இருக்கிறது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் பாதி புரியாது என்றும் சொன்னார்.

அது வரை எனக்கு மாஃபியா என்றால் ‘இத்தாலியர்கள்’, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், இத்தாலி என்ற நாடு ஒன்றானதே 1861இல். கப்பலேறியவர்கள் தங்களை இத்தாலியர் என்று நினைத்துக்கொண்டு ஏறவில்லை. ஊர்க்காரனை ‘பயேசானோ’ என்பார்கள். ஊர்ப்பற்றுக்கு ‘காம்பனிலிஸ்மோ’ என்றே ஒரு சொல் உண்டு. ‘காம்பனிலே’ என்றால் கோயில் மணிக்கூண்டு. அந்த மணிச் சத்தம் கேட்கும் தூரம் வரை நம்மவர், அதற்கு அப்பால் அந்நியர். கப்பலில் வந்து இறங்கியவர்களை அமெரிக்க அதிகாரிகளும் 1899 முதல் ‘வட இத்தாலியர்’, ‘தென் இத்தாலியர்’ என்று இரண்டு வேறு இனங்களாகவே பதிவு செய்தார்கள்.

அன்றிரவு விடுதி அறையில் ஒரு பட்டியல் போட்டேன். 1931இல் நியூயார்க்கின் ஐந்து மாஃபியாக் குடும்பங்களும் (குடும்பம் என்றால் இங்கே கும்பல்) இன்றைய வடிவத்துக்கு வந்தபோது தலைவர்களாக இருந்த ஐந்து பேர் எங்கே பிறந்தார்கள்? லக்கி லூசியானோ, லெர்காரா ஃப்ரித்தி. வின்சென்ட் மங்கானோ, பாலெர்மோ. டாமி கல்யானோ, கொர்லியோனே. ஜோ ப்ரொஃபாச்சி, வில்லபாத்தே. ஜோசஃப் பொனானோ, கஸ்தெல்லாமாரே. வரைபடத்தில் புள்ளி வைத்தபோது திகைத்துப் போனேன். பாலெர்மோவை நடுவில் வைத்தால் மற்ற நான்கு ஊர்களும் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தனை பெரிய இத்தாலியில், சிசிலித் தீவின் மேற்கு ஓரத்தில் இவ்வளவு சிறிய ஒரு வட்டம்! அதே தீவின் கிழக்கே இருக்கும் பெரிய நகரங்களான மெஸ்ஸினாவிலிருந்தோ கத்தானியாவிலிருந்தோ ஒருவர்கூட இல்லை. ஐந்து ஊரையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கஸ்தெல்லாமாரேயில் அந்த வரலாற்றைச் சொல்ல ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை, அதுதான் சரி. துறைமுகத்துக்கு எதிரே காபி குடித்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். நியூயார்க்கும் போயிருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. “வில்லியம்ஸ்பர்க் பார்த்தீர்களா? என் அத்தை அங்கேதான் இருந்தார்” என்றார். புரூக்ளினில் உள்ள வில்லியம்ஸ்பர்க்தான் இந்த ஊர்க்காரர்கள் போய்க் குடியேறிய இடம். ரொட்டிக் கடை, சவ அடக்கக் கடை, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் ஊர்க்காரர்களுக்குள்ளேயே. பொனானோ சிறுவயதில் சில ஆண்டுகள் இருந்ததும் அங்கேதான். 1931இல் அவர் தலைவரானபோது வயது 26.

அந்தப் போரில் ஒரு பக்கம் இந்த ஊரில் பிறந்த சால்வத்தோரே மரன்சானோ. அவருக்குப் பின்னால் புரூக்ளின் ஊர்க்காரர்கள் மட்டுமல்ல, நயாகரா அருவிக்குப் பக்கத்தில் பஃபலோ நகரை ஆண்ட இன்னொரு கஸ்தெல்லாமாரேக்காரரான ஸ்டெஃபானோ மகாதினோவும் நின்றார். எதிர்ப்பக்கம் ஜோ மசேரியா. அவரும் சிசிலிதான், தென்மேற்கே மென்ஃபி என்ற ஊர். ஆனால் அவர் ஊர் பார்க்காமல் ஆள் சேர்த்தார். நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வீட்டோ ஜெனோவீஸ், அதற்குக் கிழக்கே மலைநாட்டு மொந்தேமரானோவில் பிறந்த ஜோ அடோனிஸ், இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவிலிருந்து ஃபிராங்க் காஸ்டெல்லோ. 1931 ஏப்ரல் 15 அன்று கோனி தீவில் ஓர் உணவகத்தில் மசேரியா கொல்லப்பட்டார். தலைவர்களுக்கெல்லாம் தலைவர் என்று அறிவித்துக்கொண்ட மரன்சானோவும் அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று பார்க் அவென்யூவில் தன் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் லூசியானோ.

ஊர்ப் போர் என்று பெயர் வாங்கிய சண்டையின் விளைவு ஊர்க் கணக்கு தளர்ந்ததுதான். சிசிலி, நேப்பிள்ஸ், கலாப்ரியா என்ற பிரிவினை பின்னுக்குப் போய், ‘இத்தாலிய வம்சம்’ என்பதே உள்ளே நுழையும் தகுதியானது. இதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. 1916இல் புரூக்ளினில் நேப்பிள்ஸின் கமோராக் கும்பலும் மன்ஹாட்டனின் சிசிலிக் கும்பலும் மோதின. கமோராக்காரர்களில் ஒருவர் சாட்சி சொல்லி, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் மெல்ல மெல்ல சிசிலிக்காரர்களோடு கலந்தார்கள்.

லெர்காரா ஃப்ரித்தி போனது இந்தப் பயணத்தின் கடினமான நாள். ரயில் நிலையம் ஊரிலிருந்து வெகு தூரம். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். கடைசியில் காய்கறி வண்டி ஓட்டி வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டார். இது கந்தக ஊர். 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளின் வயிற்றைத் தோண்டி எடுத்த கந்தகம் உலகம் முழுக்கப் போனது. சுமந்தவர்கள் சிறுவர்கள். ‘கரூசி’ என்பார்கள். சுரங்கத்தில் வெட்டுகிறவர் சிறுவனின் வீட்டாருக்கு முன்பணம் கொடுப்பார், கடன் அடையும் வரை பையன் அவருக்குச் சொந்தம். கொத்தடிமை என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள், புழுக்கத்தில் ஆடையில்லாமல், முதுகில் பாறை சுமந்து ஏறினார்கள். லூசியானோவின் அப்பாவும் கந்தகச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பையனுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது குடும்பம் அமெரிக்கா போனது.

அந்த வறுமைதான் கொலைகாரரை உருவாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். இதே ஊரிலிருந்துதான் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் அப்பாவும் போனார். அம்மா வடக்கே ஜெனோவா பக்கம். எலிசபெத் தெருவின் கணக்குப்படி அந்தக் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது. இந்த ஊரிலிருந்து போன ஆயிரக்கணக்கானவர்கள் செங்கல் சுமந்தார்கள், தண்டவாளம் போட்டார்கள், தையல் தைத்தார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. ஒரு குற்றவாளியின் பெயரால் ஊரைத் தெரிந்துகொண்டு வந்தவன் என்பதில் எனக்கு அங்கே மிகவும் கூச்சமாக இருந்தது.

வில்லபாத்தேயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலெர்மோவை ஒட்டிய புறநகர். அந்தப் பக்கத்து எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில்தான் மாஃபியா வளர்ந்தது. தண்ணீரையும் காவலையும் கையில் வைத்திருந்தவன் தோப்பையே வைத்திருந்தான். பழம் ஏறிய கப்பலில் ஆட்களும் ஏறினார்கள், நியூ ஆர்லியன்ஸ் வரை. அங்கே 1891 மார்ச் 14 அன்று, காவல்துறைத் தலைவர் கொலை வழக்கில் தண்டிக்கப்படாத இத்தாலியர்கள் மீது ஒரு கூட்டம் பாய்ந்து 11 பேரைச் சிறைக்குள் புகுந்து கொன்றது. ‘மாஃபியா’ என்ற சொல் அமெரிக்காவில் பரவியதே அந்த நாட்களில்தான்.

ஊர் தொடர்பு நியூயார்க்கோடு நிற்கவில்லை. நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரக் கும்பலுக்கு வேர் ரிபேரா. ஃபுளோரிடாவின் டாம்பாவை ஆண்ட மூத்த சான்டோ டிராஃபிகான்டே பிறந்தது சியான்சியானா. ஃபிலடெல்ஃபியாவின் ஆஞ்சலோ புரூனோ வில்லால்பாவில் பிறந்தவர். எல்லாம் மேற்கு, நடு சிசிலியின் சின்னச் சின்ன ஊர்கள்.

சிகாகோ மட்டும் வேறு கதை. அங்கே அடித்தளம் போட்ட ஜிம் கொலோசிமோ கலாப்ரியா. அவருக்கு அடுத்து வந்த ஜானி டோரியோ தென் இத்தாலியின் பசிலிகாடா மலைப்பகுதி. அல் கபோன் பிறந்ததே புரூக்ளினில், பெற்றோர் நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஆங்ரி என்ற ஊர்க்காரர்கள். அவ்வளவு பலம் இருந்தும் சிகாகோவின் ‘சிசிலியர் சங்க’த் தலைமையில் கபோன் உட்கார முடியவில்லை, சிசிலிக்காரர் இல்லை என்பதால். தன் ஆளான ஒரு சிசிலிக்காரரை உட்கார வைத்தார். அதற்காகவே பல உயிர்கள் போயின. இன்னொரு பக்கம், கபோனின் கணக்கைப் பார்த்தவர் ஜேக் குசிக் என்ற யூதர். பின்னாளில் அதே கும்பலில் வேல்ஸ் வம்சத்து முர்ரே ஹம்ஃப்ரீஸும் கிரேக்க வம்சத்து கஸ் அலெக்ஸும் மேல்மட்டத்தில் இருந்தார்கள். நியூயார்க்கில் அது நடக்காது. லூசியானோவுக்கு மிக நெருக்கமான மேயர் லான்ஸ்கி, இன்றைய பெலாரஸில் உள்ள கிரோட்னோவில் பிறந்த யூதர். எவ்வளவு நெருக்கமானாலும் உறுப்பினராக முடியவில்லை. பின்னாளில் நியூயார்க் கும்பலோடு சேர்ந்து திரிந்த, ஐரிஷ் அப்பாவுக்கும் சிசிலி அம்மாவுக்கும் பிறந்த ஹென்றி ஹில்லுக்கும் கடைசி வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

அப்புறம் கொர்லியோனே. சினிமாவால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது, கோதுமை வயல்கள், திடீரென்று நிற்கும் பாறைகள். வலக்கை ஊனமான ஜுசெப்பே மொரெல்லோ இங்கிருந்து போய்க் கிழக்கு ஹார்லமில் அமைத்த கும்பல்தான் நியூயார்க் குடும்பங்களில் மூத்தது. ஐவரில் ஒருவரான கல்யானோவும் இந்த ஊர்தான். ஆனால் இங்கே மாஃபியா எதிர்ப்பு ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். தரையில் கிடக்கும் உடல்கள், பக்கத்தில் நிற்கும் மனைவிமார். ஒரு படத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

வழிகாட்டிய இளம்பெண்ணிடம் அமெரிக்கத் தலைவர்களைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, “ஐயா, எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் சொல்லிக்கொள்பவர் இவர்” என்று பிளாசிதோ ரிசோத்தோவின் கதையைச் சொன்னார். நிலமில்லாத விவசாயிகளைத் திரட்டிய தொழிற்சங்கத் தலைவர். 1948 மார்ச்சில் கடத்திக் கொன்று, மலைப் பிளவில் வீசிவிட்டார்கள். எலும்புகள் அவருடையவைதான் என்று மரபணுச் சோதனையில் உறுதியானது 2012இல். அந்த ஆண்டுதான் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. 64 ஆண்டுகள்! அவருடைய அப்பா எத்தனை நாள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றுதான் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

கடைசி நாள் பாலெர்மோவில், மரினா சதுக்கம். பூங்காவுக்குள் பிரம்மாண்டமான ஓர் அத்தி மரம், நம் ஆலமரம் போலவே விழுது இறக்கி, விழுதுகளே தூண்களாகி நிற்கிறது. பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பூங்கா வேலியோரம் ஒரு சின்ன நினைவுப் பலகை: ஜோ பெட்ரோசினோ. நேப்பிள்ஸுக்குத் தெற்கே பதூலாவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் போய், அந்த நகரக் காவல்துறையில் இத்தாலியர் பிரிவை நடத்தியவர். ஏழை இத்தாலியக் கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறித்தவர்களை, அவர்கள் எந்த ஊர் என்று பார்க்காமல் துரத்தியவர். குற்றவாளிகளின் பழைய பதிவுகளைத் தேடி பாலெர்மோ வந்த அவரை 1909 மார்ச் 12 இரவு இந்த இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். நியூயார்க்கில் அவருடைய இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் தெருக்களில் நின்றது. நேப்பிள்ஸ் தெரு, சிசிலித் தெரு என்ற வேறுபாடு அன்று இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

லிட்டில் இத்தாலியிலும் அவர் பெயரில் ஒரு சின்னச் சதுக்கம் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. வரைபடத்தில் பார்த்தேன். எலிசபெத் தெருவிலிருந்து சில நிமிட நடை. அன்று மாலை முழுக்க அந்தப் பக்கம்தான் நடந்திருக்கிறேன், கொலை நடந்த உணவகங்களைத் தேடிக்கொண்டு. அடுத்த முறை போகும்போது முதலில் அங்கே போக வேண்டும்.