நஞ்சுண்ட அழகி

கரிய சிறகில் வெள்ளைத் திட்டும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும், குருதிச் சிவப்பு உடலும் கொண்ட ‘காமன் ரோஸ்’ வண்ணத்துப்பூச்சி, 2015இல் இயற்கைச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வானது. தேசியக் கொடியின் சிவப்பு வெள்ளைக்காகவே அது வென்றது என்று சொல்வோர் உண்டு. என்னைக் கவர்ந்தது அதன் நஞ்சுதான்.

நம் நாட்டு வைத்தியத்தில் பேசப்படும் ஈஸ்வரமூலியின் இனத்தைச் சேர்ந்த அரிஸ்டோலோக்கியா கொடியில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடுகிறது. மனிதச் சிறுநீரகத்தையே பாழாக்கவல்ல அக்கொடியின் அமிலங்களை, நடுவில் வெண்பட்டை ஓடும் கருஞ்செம்புழு இலையோடு உண்டு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்த நஞ்சு கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து சிறகு முளைத்த பின்னும் நீடிப்பதால், பறவைகள் அதைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அது அவசரமின்றிப் பறப்பதன் காரணமும் இதுவே. கறிவேப்பிலைச் செடிக்கு வரும் ‘காமன் மோர்மன்’ இனத்தில் சில பெண்பூச்சிகள், நஞ்சே இல்லாமல், இதன் தோற்றத்தை மட்டும் பூண்டு தப்பிக்கின்றன. கெட்டிக்காரத்தனம்தான்!

இதே கொடியைப் பெரிய ‘பேர்ட்விங்’ வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் தின்பதால், ஒற்றைக் கொடி விரைவில் மொட்டையாகிவிடும். ஆகவே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் சமூகத் தோட்டங்களில், புழுக்களுக்கு உணவாகாத தேன்மலர்களை மட்டும் நட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரிஸ்டோலோக்கியா கொடிகள் பலவற்றை அருகருகே படரவிட வேண்டும். இலை அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டதும் பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்த வேண்டும்.