வாயும் வயிறுமாக

பிப்ரவரி 8, 2025, சனி

கடையில் பின்னால் நின்றவர் என் தலையைத் தடவிவிட்டு லாட்டோ சீட்டை நீட்டினார். இன்று குலுக்கல், குட்டையானவர் தலையைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். நான் பால் வாங்கப் போனவள். "விழுந்தால் எனக்குப் பங்கு உண்டா, அங்கிள்?" என்றேன். சிரித்தார். அறுபது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. வேறு எந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் தலையில் இப்படிக் கை வைப்பார்?

பிப்ரவரி 11, செவ்வாய்

காவடி. பிப்ரவரி மாதத்து டர்பனில் காற்றையே பிழிந்து காயப் போடலாம். இவர் தம்பி காவடி எடுத்தான். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மா நேராக வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வாமன அவதாரமாம், அவர் மகளுக்குப் பிள்ளை வரம் தர வேண்டுமாம். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. ஏதோ ஆசீர்வாதம் மாதிரி செய்து அனுப்பினேன். வாமனன் மூன்றடி மண் கேட்டு உலகத்தையே அளந்தான். எனக்கு மூன்றடி உயரத்தில் ஒரு லைட் சுவிட்ச் வைத்துக் கொடுத்தால் போதும்.

அவர் நகர்ந்த பிறகு பக்கத்து நாற்காலிப் பெண்கள் இரண்டு பேர் என் வயிற்றைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள், மறுபடி என் வயிற்றைப் பார்த்தார்கள். மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒரே மதியத்தில் தெய்வமாகவும் இருக்க வேண்டும், கூச்சப்பட வேண்டிய பொருளாகவும் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 13

முதுகு. நாள் முழுக்க முதுகு.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாண வீடு. ஆண்கள் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து ஒரு சிரிப்பு. இவரிடம் என்ன கேட்டார்கள் என்று இவர் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பெண் பார்த்த நாளிலிருந்து பழக்கம். இவரும் கூடச் சிரித்தாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். காரில் கேட்டேன். "சும்மா பேசிக்கிட்டு இருந்தாங்க" என்றார். அப்படியென்றால் சிரித்திருக்கிறார்.

பெண்கள் சிரிக்க மாட்டார்கள், குரலைத் தாழ்த்துவார்கள். கை கழுவும் இடத்தில் சின்னத்தை என்னை ஓரம் கட்டினார். "உனக்கு எல்லாமே எங்களை மாதிரிதானாம்மா? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே, நீங்க ரெண்டு பேரும் எப்படி...?" வாக்கியத்தை முடிக்கவில்லை, கண்ணால் முடித்தார். "நீங்களும் மாமாவும் எப்படி, சின்னத்தை? அதைச் சொல்லுங்க, நான் ஒத்துப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் மரியாதை தெரியாதவள் என்று பாயசம் பரிமாறுவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது.

பிப்ரவரி 20

வழக்குப் போடலாம் அண்ணி என்கிறான் இவர் தம்பி. சட்டம் படிக்கிறவன். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் உடல் குறையைக் காட்டித் தொல்லை செய்வதும் அடங்குமாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமத்துவ நீதிமன்றம் இருக்கிறதாம். நல்ல சட்டம். யார் மேல் போடுவது? சின்னத்தை மேலா, லாட்டோ அங்கிள் மேலா?

பிப்ரவரி 25, செவ்வாய்

வழக்கமான டாக்டர் விடுப்பு. இன்றைக்கு இருந்தவர் ஃபைலைப் புரட்டினார். பிறகு பேசியதெல்லாம் இவரைப் பார்த்து. பாதிக்குப் பாதி வாய்ப்பு, தெரியுமில்லையா என்றார். தெரியும். எனக்கு அகான்ட்ரோபிளேசியா, கைகால் எலும்பு நீளாமல் குட்டையாகிற மரபணு மாற்றம். இவருக்கு இல்லை, ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம். அடுத்து, குரலை மெத்தென்று ஆக்கிக்கொண்டு, இந்த நாட்டில் இப்போதும் வழி இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம். 12 வாரம் வரை கேட்டாலே போதும். 20 வாரம் தாண்டினாலும், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்றால், இன்னொரு டாக்டரையோ மருத்துவச்சியையோ கலந்துகொண்டு கலைக்கலாம். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வேண்டிய பெண்களுக்கு அது வேண்டும். ஆனால் அவர் சொன்ன அந்தக் கடுமையான குறைபாடு அவருக்கு எதிரிலேயே கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தது. நாலு கம்பெனிக்கு வரிக் கணக்கு எழுதுகிறது. போகும்போது அவருடைய ஃபீஸையும் கார்டில் கட்டிவிட்டுப் போனது.

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில் என் கையைப் பிடித்தார். பிடித்தது சரி. பேசியிருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

கடைகளில் விற்கிற குழந்தைக் கட்டில் ஒன்றும் எனக்கு ஆகாது. பக்கச் சட்டம் என் நெஞ்சு வரை வருகிறது. முக்காலி போட்டு ஏறிக் குனிந்தால் கை மெத்தையை எட்டவில்லை. அப்படியே எட்டினாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முக்காலியிலிருந்து எப்படி இறங்குவது? ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில்? ஒரு வாரமாக இதே யோசனை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து தச்சு வேலை செய்கிற அங்கிள் ஒருவரை அத்தை வரச்சொன்னார். வந்தவர் டேப்பை எடுத்து, தரையிலிருந்து என் முழங்கை எவ்வளவு, அக்குளிலிருந்து விரல் நுனி எவ்வளவு, உட்கார்ந்தால் மடி எவ்வளவு என்று அளந்தார். காதில் பென்சில். அளந்ததையெல்லாம் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. "எந்தக் கையிலே பாரம் தாங்குவே, மா?" என்று கேட்டார். இடது கை. "அப்போ கதவை வலது பக்கம் போடறேன்." கதவு! கட்டிலுக்குப் பக்கவாட்டில் கதவு. குனியவே வேண்டாம், பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டால் போதும்.

பிள்ளை உள்ளே எப்படிப் போயிற்று என்று ஊருக்கெல்லாம் கவலை. கட்டிலிலிருந்து வெளியே எப்படி எடுப்பேன் என்று இந்தத் தச்சு அங்கிள் ஒருவருக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

அம்மா நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் விடாமல் அனுப்புகிறாள். இன்றைக்குச் சந்திர கிரகணம், வெளியே போகாதே, கத்தி தொடாதே, ஜன்னலை மூடு. முழுக் கிரகணம் இங்கே காலை எட்டரை மணிக்கு. அதற்குள் நிலா மறைந்து சூரியன் வந்து வேலையைத் தொடங்கியாகிவிட்டது. தூத்துக்குடியில் அந்த நேரம் பட்டப்பகல். இரண்டு ஊரிலும் கண்ணுக்கே தெரியாத கிரகணத்துக்கு அம்மா அங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கோபம் வரவில்லை. அவளுக்கு அது வெறும் கிரகணம் இல்லை. நான் பிறந்ததும் ஆச்சி சொன்னது இதுதான்: கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாள், அதான் பிள்ளையின் கைகால் குட்டையாகிவிட்டது. நறுக்கினாளா என்பது அம்மாவுக்கே நினைவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. என்னை எங்கே கூட்டிப்போனாலும் முதல் கேள்வி அவளுக்குத்தான். "மாசமா இருக்கறப்ப என்ன பண்ணினே?" பஸ்ஸில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில். கால் எலும்பை அறுத்து வளையம் மாட்டி நீட்டலாம் என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னபோது, அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேண்டாம் என்று அழுதது நான்.

எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவ்வளவுதான். 1994இல் கண்டுபிடித்தார்கள், அதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். என்னைப் போன்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேரின் பெற்றோர் சராசரி உயரக்காரர்கள். அவர்களிடத்தில் அந்த எழுத்து புதிதாக மாறுவது அநேகமாக எப்போதுமே அப்பாவின் விந்தணுவில். அப்பாவின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். அம்மா எத்தனை வருடம் தலைகுனிந்து நின்றாள்! பக்கத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இதை அப்பா இருந்தவரை வீட்டில் சொல்லவில்லை. இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழியை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கச் சொல்லவில்லை, அவள் அந்தக் கதவைத் திறக்கட்டும் என்றுதான் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "செத்தவரைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 15

அம்மா பேசவில்லை. சரி.

மார்ச் 22, சனி

தமிழ் வகுப்பு. உயிர்மெய் எழுதிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கி, "டீச்சர், நீங்க ஏன் வளரலே?" என்றான். என் எலும்பு நீளமாக வளர மறந்துவிட்டது, மற்றதெல்லாம் வளர்ந்துவிட்டது என்றேன். யோசித்தான். "கார் ஓட்டுவீங்களா?" ஓட்டுவேன், பெடலுக்கு நீட்டுக்கட்டை வைத்திருக்கிறேன். "பார்க்கலாமா?" எல்லோரும் போய்ப் பார்த்தோம். திரும்பி வந்து டகர வரிசை.

வாசலில் நின்ற அவன் அம்மா காதைப் பிடித்து இழுத்துப் போனார், அப்படியெல்லாம் கேட்கக் கூடாதாம். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது. இனிமேல் என்னைப் பார்த்தால் பயப்படுவான்.

மார்ச் 30

கோயில் கணக்கை நான் பார்க்கிறேன் என்பதால் இன்று கூட்டத்தில் ஒரு பெரியவர், "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் ரசீதுக் கட்டை எடுத்துப் போட்டு, அவர் பெயரில் நிற்கிற அன்னதான பாக்கியைச் சத்தமாகப் படித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஸ்கேன். தொடை எலும்பு. என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அதன் வளர்ச்சி பின்தங்குவது ஆறு மாதத்துக்கு மேல்தான் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருப்பு. திரையில் எலும்பின் இரண்டு முனையிலும் சின்னப் பெருக்கல் குறி வைத்து அளந்தார்கள்.

தெரிந்துவிட்டது. இவருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதன் காலை ஊருக்கு நீட்டிக் காட்ட மாட்டேன்.

ஏப்ரல் 12

நான் சொல்லாததால் சொந்தக்காரர்கள் தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறார்கள்: உயரம் கூட்டும் ஊசி வந்துவிட்டது! வோசோரிடைட், 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி. உண்மைதான். தினம் ஓர் ஊசி, வளர்ச்சி நிற்கும்வரை, வருடக்கணக்கில். சோதனையில் கிடைத்தது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல்.

ஒன்றரை சென்டிமீட்டர். தண்டுவடம் நெருக்காமல், காலில் வலி இல்லாமல் இருக்க அது உதவும் என்றால் நானே ஊசியை எடுத்துக்கொண்டு நிற்பேன், அதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க வேண்டும். ஆனால் இவர்கள் அனுப்பியது வலிக்காக இல்லை. கல்யாணப் படத்தில் சரியாகத் தெரிவதற்கு. என் முதுகு எப்படி இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ராத்திரி வேறு மாதிரி தோன்றுகிறது. ஒருவேளை எனக்கே இரண்டு வயதில் இந்த ஊசி கிடைத்திருந்தால்? அம்மா வேண்டாம் என்றிருப்பாளா? மாட்டாள். நான் வேண்டாம் என்பேனா? தெரியவில்லை, மூன்று மணி ஆகிறது, பிள்ளை உதைக்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ இல்லாமல். அம்மா ஃபோன் பண்ணினாள், மழையைப் பற்றிப் பேசினோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுக்கூடு சின்னது, பிள்ளை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்துதான் தூங்குகிறேன். அத்தை திருநீறு கொண்டுவந்து வயிற்றில் பூசினார். இத்தனை மாதத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: சாப்பிட்டியா?

ஏப்ரல் 24, வியாழன்

மயக்க மருந்து டாக்டர். ஒரு மணி நேரம் கேள்வி. எவ்வளவு தூரம் நடந்தால் கால் மரத்துப்போகிறது, குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா. வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். என் இடுப்பெலும்பு குறுகல், ஆபரேஷன்தான் என்பது முதலிலேயே முடிவான விஷயம். முதுகில் ஊசி போட்டால் மருந்து எவ்வளவு மேலே ஏறும் என்று என் உடம்பில் கணிப்பது கஷ்டம், தண்டுவடக் குழாயும் குறுகல். முழு மயக்கம் என்றால் கழுத்தைப் பின்னால் சாய்க்காமல் குழாய் இறக்க வேண்டும். படம் போட்டுக் காட்டினார்.

சின்னத்தை கேட்டதைவிட அந்தரங்கமாக இந்த டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், கேட்காததையும் சொன்னேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

மே 1

கட்டில் வந்துவிட்டது. கதவு கொஞ்சம் இறுக்கம், மெழுகு தேய்க்கச் சொன்னார்.

மே 6, செவ்வாய்

மாணவர்கள் சிலர் ஆபரேஷனைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அபூர்வமான கேஸாம். இருக்கட்டும், 25,000 பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று, அவர்களும் எங்கேதான் கற்றுக்கொள்வார்கள். எதிரில் வந்து பெயரைச் சொல்ல வேண்டும், ஃபோன் வெளியே, நான் மயங்கிக் கிடக்கும்போது போர்வைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்றேன்.

ஒரு பெண் மட்டும் வந்து பெயர் சொன்னாள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பிள்ளை. மற்றவர்கள் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் அனுமதி என்று தாளில் எழுதினேன். பேனா எழுதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

சின்னத்தையிடமிருந்து ஃபோன் வருகிறது, என்ன பிள்ளை என்று கேட்க மாட்டார், எப்படிப்பட்ட பிள்ளை என்றுதான் கேட்பார். அடிக்கட்டும்.