ஐந்நூறுக்குள் ஒரு கோடை

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் 501-வது யூனிட் 243 ரூபாய் 40 காசு. நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.35, அப்புறம் இருநூறு 4.70, கடைசி நூறு 6.30. மொத்தம் 1,805 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினாலும் இரண்டாவது நூறுக்கு இருந்த 2.35 போய், அதுவும் 4.70 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய் 40 காசில் வந்து நிற்கும்.

திருச்சியில் நான்கு பேர் இருக்கும் வீடு எங்களுடையது. 2024-ல் மார்ச் பாதியிலிருந்து மே பாதி வரையான ரீடிங் 640 யூனிட். புதுக் கட்டணத்தில் அது 3,258 ரூபாய். அதே வீடு, அதே அக்னி நட்சத்திரம், அதே ஏசி. 2025-ல் அந்தச் சுற்றை ஐந்நூறுக்குள் முடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். 500-ஐ அறுபது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும். காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்திலும் மீட்டர் எண்ணை எழுத ஆரம்பித்தேன். வேறு நோட்டு, செயலி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

மார்ச்: மின்னும் விளக்கை எண்ணுதல்

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் 'தேவையில்லாத லைட்டை அணை' என்று சத்தம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்பது வாட் எல்இடி பல்பு விடிய விடிய எரிந்தாலும் பத்தில் ஒரு யூனிட்டைத் தொடாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு வீட்டு மீட்டரே போதும்.

இப்போதைய மின்னணு மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதை மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை மின்னினால் வீட்டில் ஏறக்குறைய 19 வாட் ஓடுகிறது. பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கைபேசியில் நிமிடம் வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். சீல் வைத்த இடத்தையோ ஒயரையோ தொட வேண்டியதில்லை. என்ன, அக்கம்பக்கத்தில் கொஞ்சம் வேடிக்கை பார்ப்பார்கள். "என்ன தம்பி, மீட்டர்ல பல்லி கில்லி புகுந்திடுச்சா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்டார்.

ஒரு ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் ஃபேன், லைட், ஏசி எல்லாவற்றையும் அணைத்தேன். பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். வீட்டில் எதுவுமே ஓடவில்லை. மீட்டர் பெட்டிக்குப் போய் ஐந்து நிமிடம் எண்ணினால் பதினேழு முறை மின்னுகிறது. 64 வாட். யாருக்கும் பயன்படாமல் இந்த 64 வாட் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்தில் 92 யூனிட். 2016-லிருந்து அரசு தரும் இலவச நூறு யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் சும்மா இருக்கும் வீடே தின்றுவிடுகிறது.

செட்டாப் பாக்ஸ், வைஃபை மோடம், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி மூன்றும் சேர்ந்து இருபது வாட் சொச்சம். மீதி நாற்பது வாட்டும் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டருடையது.

2012-ல் சென்னைக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு இன்வெர்ட்டர் ஏன் வாங்கினோம் என்று சொல்லத் தேவையில்லை. பகலிலும் இரவிலுமாக மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் அது. கடன் வாங்கியாவது வாங்கினோம். இப்போது எங்கள் தெருவில் பராமரிப்புப் பணி என்று முன்கூட்டியே அறிவித்து நிறுத்தும் நாளைத் தவிர கரண்ட் போவது அபூர்வம். இன்வெர்ட்டர் மட்டும் அதே விசுவாசத்தோடு பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. நல்ல பேட்டரி நிறைந்ததும் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வயதான பேட்டரி நிறையவே நிறையாது. வாங்குகிற கரண்டையெல்லாம் சூடாக்கி, தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் கேட்பது, தொட்டால் வெதுவெதுப்பு, மூடியருகே ஒரு புளித்த நெடி, இவை மூன்றும் எங்கள் பேட்டரியில் இருந்தன.

முன்பக்க சுவிட்சை அணைத்தால் சார்ஜ் ஆவது நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் பலர். எங்கள் இன்வெர்ட்டரில் நிற்கவில்லை. சிவப்பு விளக்கு அதே வேகத்தில்தான் மின்னியது. பிளக்கைப் பிடுங்கினால் அதன் வழியாகப் போகும் லைட், ஃபேன் லைன்களும் போய்விடும். அதனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு லைனை நேரடியாக மாற்றச் சொன்னேன். அரைமணி வேலை. பேட்டரியை எடைக்குப் போட்டதில் கிட்டத்தட்ட ஒரு ஃபேன் விலை கைக்கு வந்தது. ஈயத்துக்கு எப்போதுமே விலை உண்டு.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "மிச்சம் பிடிக்கிறேன்னு என்னை இருட்டுல உக்கார வெச்சிடாதடா." சமாதானமாக, கரண்ட் போனால் தானே எரியும் சார்ஜ் பல்பு இரண்டும், சார்ஜில் ஓடும் மேஜை ஃபேன் ஒன்றும் வாங்கிவைத்தேன். பராமரிப்பு நாளில் அந்த ஃபேன் சாயங்காலம் வரை தாங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அம்மா எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

ஏப்ரல்: ஃபேன், அப்புறம் கேஸ்

பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு நான்கு மின்னல், அதாவது 75 வாட். ஹாலிலும் அம்மா அறையிலும் பி.எல்.டி.சி. என்கிற, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் ஃபேன் மாட்டிய பிறகு இரண்டு நிமிடத்துக்கு மூன்று, 28 வாட். இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 85 யூனிட் குறையும். ஒன்று 2,700 ரூபாய்க்குள் கிடைத்தது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால் டப்பாவிலேயே வாட் விவரம் பார்த்து வாங்கலாம். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும், அல்லது முழு வேகத்தில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். வேகத்தை ரிமோட்டில்தான் மாற்ற முடியும். அந்த ரிமோட் தலையணைக்கு அடியிலும் வெற்றிலைப் பெட்டிக்குள்ளும் மாறி மாறிக் கிடைப்பது எங்கள் வீட்டுத் தனிக்கதை. ஃபேன் குறைவாக ஓடும் அறைகளில் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே போட்ட காசு திரும்ப வர வருஷக்கணக்காகும்.

ஏப்ரல் 8-ம் தேதி சிலிண்டருக்கு ஐம்பது ரூபாய் ஏறியது. சென்னையில் 818.50 இருந்தது 868.50 ஆனது. உடனே வீட்டில் எழுந்த கேள்வி, பரணில் கிடக்கும் இண்டக்‌ஷன் அடுப்பை இறக்கினால் என்ன?

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிப்பதை வைத்துக் கணக்குப் போட்டேன். இண்டக்‌ஷனில் அதற்குப் பத்தில் ஒரு யூனிட் ஆகும். கேஸில் கிட்டத்தட்ட 11 கிராம், 14.2 கிலோ 868.50 என்றால் 67 காசு. கரண்டில் 47 காசா, 63 காசா, 84 காசா என்பது மீட்டர் அப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நானூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபம். நானூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் இரண்டும் ஒன்றுதான். ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு நஷ்டம். எல்லையில் நிற்கும் வீட்டுக்கோ, ஒரு டம்ளர் காபி அந்த 243 ரூபாயை இழுத்துக்கொண்டு வந்துவிடும். 'இண்டக்‌ஷன் சிக்கனமா?' என்று யாராவது கேட்டால் அவர்களின் போன பில்லைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

கோடையில் அடுப்பு பரணிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. மனைவிக்கு இதில் சந்தோஷம். இன்டோலியம் குக்கரும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அந்த அடுப்பில் ஏறாது என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

கேஸ் எங்கே போகிறது என்று பார்க்க, பயணப் பெட்டி எடை போடும் கொக்கித் தராசை வாங்கினேன். சிலிண்டரின் காலி எடை அதன் தலைப்பகுதி இரும்புப் பட்டையில் எழுதியிருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டு, தராசில் மாட்டித் தூக்கினால் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும். சிலிண்டரை ஆட்டிப் பார்த்து அனுமானிக்கும் வழக்கம் அதோடு போனது. எடை போட்டதில் தெரிந்தது, பெரிய செலவு சமையலே இல்லை, அம்மா குளிக்க வைக்கும் வெந்நீர். எட்டு லிட்டர் குண்டானைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவுவது வழக்கம். அதற்கு மட்டும் தினம் 75 கிராம் கேஸ். மாதம் இரண்டே கால் கிலோ. திருச்சிக் கோடையில் நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ள அம்மாவை யாராலும் சம்மதிக்க வைக்க முடியவில்லை. நாலு மணிக்கு அந்தத் தண்ணீரைக் குண்டானில் பிடித்து மூடி, கனத்த துணியைப் போர்த்திவைத்தால் காலையில் லேசாகச் சூடேற்றினால் போதும் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். கொதிக்க விடுவது நின்றது.

பருப்பை அரைமணி ஊறவைப்பது, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைப்பது, தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. நாங்களும் செய்கிறோம்.

கைபேசி ரீசார்ஜில் ஒரு சின்ன வேலைதான். 28 நாள் பேக் போட்டால் வருஷத்துக்கு பதின்மூன்று முறை போட வேண்டும். அம்மாவின் எண்ணுக்கு வருஷ பேக் போட்டாயிற்று. மற்ற எண்களில் கைவைக்க வீட்டில் அனுமதி இல்லை.

மே: கடைசிப் பத்து நாள்

மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள், ஞாயிறு. சுற்றின் ஐம்பதாவது நாளில் மீட்டர் 385 யூனிட் காட்டியது. மீதி 115, நாளைக்குப் பதினொன்றரை. தாராளம்தான், ஏசி இல்லாத வீடாக இருந்தால்.

2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் நிற்கும். எங்களுடையது ஒன்றரை டன். அறை குளிர்ந்து அடங்கிய பிறகு 24-ல் நிமிடத்துக்கு 42 மின்னல். 27-ல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டபோது, ஃபேனையும் சேர்த்தே 31. ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். பையன் முதல் இரண்டு ராத்திரி முணுமுணுத்தான். அப்புறம் விடியற்காலையில் போர்வை தேடுவது நின்றதை அவனே கவனித்தான். பில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டியதில் வந்த தூசியை எடை போட்டிருந்தால் அதற்கும் காயலான் கடையில் ஏதாவது கிடைத்திருக்கும்.

அந்த வாரத்தில் உறவுக்காரர்கள் இரண்டு நாள் தங்கினார்கள். இரண்டு நாளும் நாளைக்குப் பதினைந்து யூனிட்டைத் தொட்டது. வந்தவர்களிடம் ஏசியைக் குறைத்து வை என்று சொல்லுகிற அளவுக்குச் சிக்கனம் போகக்கூடாது. அவர்கள் கிளம்பிய பிறகு துவைக்கிற வேலையை ரீடிங் முடியும்வரை தள்ளிப்போட்டோம். அயர்ன் பாக்ஸை எடுக்காமல் துணியைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தோம். அந்தக் கடைசி நாட்களில் மட்டும் எண்களைப் பார்ப்பது கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதுபோல் இருந்தது உண்மை. மே 14-ல் ரீடிங் எடுத்தார்கள். 487 யூனிட், 1,723 ரூபாய்.

640-லிருந்து 153 யூனிட் குறைவு, ரூபாயில் 1,535. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் மிச்சமாகியிருக்கிறது. மேல்படியில் குறைக்கும் யூனிட்டுக்குத்தான் இந்த மதிப்பு. ஜூலை ரீடிங் 431. அங்கே குறைத்த யூனிட்டுக்கு 6.30-க்கு மேல் கிடைக்காது. அதனால் குளிர்மாதங்களில் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். மூன்றாவது ஃபேனை மாற்றலாமா என்று மனைவி கேட்டதற்கும் இதே கணக்கைத்தான் சொன்னேன்.

மிச்சமாகும் பணம் கணக்கில் கிடந்தால் வேறு செலவோடு கரைந்துவிடும். மாதம் 500 ரூபாய்க்குத் தபால் நிலையத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. ஒன்று தொடங்கினேன், வட்டி 6.7 சதவீதம். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஐந்து வருஷம் கழித்து அந்த ஃபேன்கள் பழுதானால் அதற்காகும்.

இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது. ஏசி நாள்கணக்கில் போடவில்லை. நாளைக்கு ஆறு யூனிட்டுக்குள் ஓடுவதால் இந்தச் சுற்று நானூறைத் தொடாது. ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பு பரணிலிருந்து இறங்கிவிட்டது. பாலும் வெந்நீரும் அதில், ரசம் வழக்கம்போலக் கேஸில். அடுத்து பிரிட்ஜ். கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் மேல்பக்கம் பிடிக்கிறது, கீல் பக்கம் வழுக்கிக்கொண்டு வருகிறது. கதவு ரப்பர் மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். மாற்றுவதற்கு முன் ஒரு முழு நாள் அளவு வேண்டும் என்பதால் அவரைச் சனிக்கிழமைக்கு மேல் வரச் சொன்னேன்.